நோயின் பெயர் மாறினால் சான்றிதழ் செல்லாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி கடைசி நாள் அரிய நோய் தினம் என்பதால் உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உலகில் ஏழாயிரம் அரிய நோய்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை மரபணுக் கோளாறால் வருபவை என்று எழுதியிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணை ஏதோ கல்வெட்டில் வெட்டி வைத்ததுபோல எழுதியிருந்தது எனக்கு ஒட்டவில்லை. அரிய நோய் எது என்பதே நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2 லட்சம் பேருக்கும் குறைவாக இருந்தால் அரிய நோய். ஐரோப்பாவில் பத்தாயிரம் பேரில் ஐந்து பேருக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதற்கு மேல், ஒரு நோயை இரண்டாகப் பிரிப்பதும், இரண்டை ஒன்றாகச் சேர்ப்பதும், பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவதும் ஓயாமல் நடக்கிறது. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அது முன்னேற்றம். வீட்டில் நோயாளியை வைத்திருப்பவர்களுக்கு அது எப்படி வந்து விடிகிறது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்காடுகளிலும், நாங்குநேரிப் பக்கம் வானம் பார்த்த பூமியிலும் சங்கிலி பிடித்து நடந்தவன். மருத்துவம் படிக்கவில்லை. என் தங்கை பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தசைச் சிதைவு நோய். அதனால் படிக்க வேண்டியதாயிற்று.

மூத்தவன் என் மருமகன், கபடி ஆடினவன். கோயில் கொடை என்றால் எந்த ஊர் ஆட்டத்துக்கும் அவனைக் கூப்பிட்டு விடுவார்கள். கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது குதிகாலைத் தூக்கி முன்காலில் நிற்க முடியவில்லை என்றான். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். அப்புறம் தங்கை ஒருநாள் போனில், "அண்ணே, இவன் மாடிப்படி ஏற கைப்பிடியப் பிடிக்கான்" என்றாள். ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஏகத்துக்கு ஏறியிருந்தன. அவ்வளவுதான், ஈரல் கெட்டுவிட்டது என்று முடிவாகிவிட்டது. மஞ்சள் காமாலைக்கான சோதனை எதிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் பல மாதம் கீழாநெல்லியும் பத்தியமும் ஓடின. அந்த இரண்டு நொதிகளும் ஈரலில் மட்டுமல்ல, தசையிலும் உண்டு, தசை சிதைந்தாலும் ரத்தத்தில் ஏறும் என்று சொல்ல அப்போது ஒருவரும் இல்லை. சி.பி.கே. என்ற தசை நொதிச் சோதனையைப் பிறகு ஒரு டாக்டர் எடுக்கச் சொன்னார். 200 சொச்சம் இருக்க வேண்டியது 9,000-க்கு மேல் இருந்தது.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. தசையில் அழற்சி என்று சொல்லி ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பி, உடம்பு பெருத்ததுதான் மிச்சம். இந்த வகை நோயில் தசைத் துண்டை எடுத்துப் பார்த்தால் அழற்சி அணுக்கள் தெரிவதுண்டு, அதனால் இப்படித் தவறுவது உலகம் முழுக்க நடப்பதுதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரி பெயரை இங்கே எழுதவில்லை. கடைசியில் வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் தசைத் துண்டைச் சோதித்து, டிஸ்ஃபெர்லின் என்ற புரதமே இல்லை என்று கண்டுபிடித்தார்கள். தசை நாரின் மேலுறையில் அன்றாடம் விழும் கீறல்களை ஒட்டுப்போடுகிற புரதம் அது. அது இல்லாதவனுக்கு ஆட்டம் ஓட்டமெல்லாம் தசைக்குச் சேதம்தான். நோய் தெரியும் முன்பு விளையாட்டில் கெட்டியாக இருந்தவர்கள் இந்த வகையில் நிறையப் பேர் என்று டாக்டர் சொன்னபோது தங்கை சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறிக்கையில் எழுதியிருந்த பெயர், லிம்ப் கர்டில் (இடுப்பு, தோள்) தசைச் சிதைவு, வகை 2பி. எனக்கு அதைப் பார்த்ததும் சர்வே எண் உட்பிரிவுதான் ஞாபகம் வந்தது. 125/2பி என்று எத்தனை புலப்படத்தில் எழுதியிருப்பேன்! அந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் போகும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சில வருடம் கழித்து அவன் தங்கைக்கும் ஆரம்பித்தது. அவளுக்கு இடுப்பில் ஒன்றுமில்லை, கெண்டைக்கால் மட்டும் சூம்பியது. வேறு ஊரில் வேறு டாக்டர் பார்த்து மியோஷி மயோபதி என்று எழுதினார். மயோபதி என்றால் தசை நோய். மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பினோம். வந்த தாளில் எல்.ஜி.எம்.டி. (லிம்ப் கர்டில் தசைச் சிதைவின் சுருக்கம்) ஆர்2, டிஸ்ஃபெர்லின் சார்ந்தது என்று இருந்தது. ஆக, ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு மூன்று பெயர்.

மூன்றும் ஒன்றுதான். இடுப்பு, தோள் தசையில் தொடங்கினால் 2பி, கெண்டைக்காலில் தொடங்கினால் மியோஷி என்று தனித்தனியே வைத்திருந்தார்கள். 1998-இல் இரண்டுக்கும் காரணம் டிஸ்ஃபெர்லின் மரபணு ஒன்றே என்று தெரிந்தது. ஒரே குடும்பத்தில், ஒரே கோளாறோடு, ஒருவருக்கு இடுப்பிலும் மற்றவருக்குக் காலிலும் தொடங்கலாம். எங்கள் வீடே அதற்குச் சாட்சி.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன், இல்லாவிட்டால் குழப்பம் தீராது. லிம்ப் கர்டில் என்ற வகையை 1954-இல் இங்கிலாந்தில் வால்டன், நாட்ராஸ் என்ற இரண்டு டாக்டர்கள் வகுத்தார்கள். டூஷேன் வகையிலும் சேராமல், முகம் பாதிக்கும் வகையிலும் சேராமல் மிஞ்சியவர்களில் பெரும்பாலோரை அதில் போட்டார்கள். எங்கள் துறையில் சொன்னால் யார் அனுபவம் என்று தெரியாத நிலத்தைத் தரிசு என்று எழுதி வைப்பது போல. மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்ததும் 1995-இல் உட்பிரிவு செய்தார்கள். கோளாறுள்ள மரபணு தாய், தகப்பன் ஒருவரிடமிருந்து வந்தாலே வரும் வகைக்கு 1, இருவரிடமிருந்தும் வந்தால்தான் வரும் வகைக்கு 2. அதற்குப் பின்னால் கண்டுபிடித்த வரிசைப்படி ஆங்கில எழுத்து. 2ஏ, 2பி, 2சி என்று போய் 2இசட் வரை வந்துவிட்டது. அடுத்த எழுத்துக்கு எங்கே போவது? 2017 மார்ச்சில் நெதர்லாந்தில் நார்டன் என்ற ஊரில் நிபுணர்கள் கூடி மறு சர்வேயே செய்துவிட்டார்கள். 2018-இல் அது வெளியானது. 1 இருந்த இடத்தில் டி, 2 இருந்த இடத்தில் ஆர், பிறகு ஓர் எண், கூடவே புரதத்தின் பெயர். 2பி என்பது ஆர்2 ஆனது அப்படித்தான்.

சரி, 2ஏ என்றால் ஆர்1, 2பி என்றால் ஆர்2, அப்படியானால் 2சி ஆர்3 ஆகத்தானே இருக்க வேண்டும்? இல்லை. 2சி ஆர்5 ஆகிவிட்டது. 2டி தான் ஆர்3, 2இ ஆர்4. வாய்க்கணக்குப் போட்டுப் புது எண்ணைப் பிடிக்கலாம் என்று நினைத்தால் தப்பான ஆளுக்குப் பட்டா போகும்.

இன்னும் முக்கியமானது, சில உட்பிரிவுகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 1பி என்று இருந்தது லேமின் மரபணுவால் வருவது. அதை எமரி-ட்ரைஃபஸ் என்ற வேறொரு தசைச் சிதைவு வகையோடு சேர்த்துவிட்டார்கள். அந்த வகையில் இருதயத் துடிப்பு கெடும், பேஸ்மேக்கர் வரை தேவைப்படலாம். பழைய 1பி தாளை வைத்துக்கொண்டு கால் தசைக்கு மட்டும் பிசியோதெரபி செய்துகொண்டிருப்பவர் இருதய டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது. 2வி என்று ஒன்று இருந்தது. அது உண்மையில் போம்பே நோய், உடம்பில் ஒரு நொதி இல்லாததால் சர்க்கரைச் சேமிப்பு தசையில் தேங்குவது. 1932-இலேயே போம்பே என்ற டச்சு டாக்டர் விவரித்தது. இதை வளர்சிதை மாற்ற நோய்களோடு வைப்பதே சரி என்று எடுத்துவிட்டார்கள். அதனால் என்ன என்று கேட்கலாம். லிம்ப் கர்டில் வகைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது போன்றவற்றுக்கு மருந்து கிடையாது. போம்பேக்கு 2006 முதல் நொதி மருந்து இருக்கிறது. நம் மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையிலும் போம்பே இருக்கிறது, அந்தக் கொள்கையில் 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்க வழி உண்டு. ஒரு மனிதர் பதினைந்து வருடத்துக்கு முன்பு லிம்ப் கர்டில் என்று மட்டும் எழுதிய ஒரு தாளோடு திசையன்விளையிலோ வள்ளியூரிலோ உட்கார்ந்திருந்தால், அவருக்கு இருப்பது போம்பேயா என்று ஒரு சொட்டு ரத்தத்தைக் காகிதத்தில் உலர்த்திச் சோதித்தாலே முதல் துப்பு கிடைத்துவிடும். பெயரைப் புதுப்பிப்பது ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல?

இப்போது அலுவலகத்துக்கு வருகிறேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர் கெட்டவரும் இல்லை. தமிழ்நாடு அரசு தசைச் சிதைவு நோயாளிகளுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மருமகளுக்கு அதைக் கேட்டு விண்ணப்பம் கொடுத்தோம். எழுத்தர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், அண்ணனுக்கு 2பின்னு இருக்கு. தங்கச்சிக்கு ஒரு தாள்ல மயோபதி, இன்னொரு தாள்ல ஆர்2. எந்த நோய்னு ஒரே மாதிரி எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். மயோபதி என்பது பட்டியலில் இல்லையாம், தசைச் சிதைவுதான் இருக்கிறதாம். டாக்டரிடம் போனால், "நான் எழுதினது சரியாத்தான் இருக்கு, அவங்களுக்குப் புரியலைன்னா நான் என்ன செய்ய" என்றார். அவர் சொன்னதும் சரி, இவர் கேட்டதும் சரி. நடுவில் ஊன்றுகோலோடு நின்றது அந்தப் பிள்ளை. இதற்கிடையே மருமகனின் அடையாள அட்டை விவரத்தைப் புதுப்பிக்கப் போன இடத்தில், பழைய சான்றிதழில் ஒரு நோய், புதுச் சீட்டில் வேறு நோய் என்று சந்தேகமாகப் பார்த்தார்கள். சான்றிதழைத் திருத்தியிருக்கிறோமோ என்று நினைத்தார்களோ என்னவோ.

சட்டம் இதையெல்லாம் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகை ஊனம்தான் இருந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கி, தசைச் சிதைவை இயக்கக் குறைபாட்டின் கீழ் பெயர் சொல்லியே சேர்த்தது. பாதிப்பு எத்தனை சதவீதம் என்பது கை, கால் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வைத்துத்தான், எந்த மரபணு என்பதை வைத்து அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பட்டியலில் ஜி71.0 என்ற ஒரே எண்ணுக்குள் லிம்ப் கர்டிலும் வருகிறது, கை கால் நுனிப் பக்கம் தொடங்கும் வகையும் வருகிறது. அண்ணன் தங்கை இருவரின் தாளிலும் அந்த எண்ணைப் போட்டிருந்தால் எழுத்தருக்குக் கேள்வியே எழுந்திருக்காது.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. 1980-களில் யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்பு வந்து ஊர் ஊராகச் சர்வே எண்கள் மாறின. உட்பிரிவு புதிதாக விழுந்தது, சிலது சேர்ந்தது. அப்போது பழைய பத்திரங்களைக் கிழித்துப் போட்டுவிட்டோமா? பழைய எண்ணுக்கு நேரே புது எண்ணை எழுதி ஒரு கோரிலேஷன் பதிவேடு போட்டோம். தாத்தா காலத்துப் பத்திரத்தோடு யார் வந்தாலும் அந்தப் பதிவேட்டைப் புரட்டி, உன் நிலம் இதுதான் என்று சொல்லிவிடலாம். தப்பும் தவறும் இருந்தது, அதனால் இன்றும் கோர்ட்டில் கிடக்கிற வழக்குகள் எனக்குத் தெரியும், ஆனாலும் பதிவேடு இருந்தது. தசை நோய்களுக்கு அப்படி ஒரு தாள் போதும். பழைய பெயர், புதிய பெயர், மரபணு, ஜி71.0 போன்ற எண், பெயர் மாறிய வருடம். பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டவை எங்கே போயின, அவற்றுக்கு வேறு என்ன சோதனை தேவை என்று ஒரு குறிப்பு. மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம் அதை மாநிலத்தின் எல்லா மருத்துவக் குழுக்களுக்கும் அனுப்பி வைத்தால், எழுத்தருக்கும் நிம்மதி, டாக்டருக்கும் நிம்மதி. அடையாள அட்டைப் பதிவில் முந்தைய பெயர் என்று ஒரு கட்டமும் வேண்டும். தசை நோயோடு நிறுத்த வேண்டியதும் இல்லை, ஆனால் ஓரிடத்தில் தொடங்கட்டும்.

இதில் இன்னொன்றும் உண்டு. மரபணு அறிக்கையில் சில சமயம் "முக்கியத்துவம் தெரியாத மாற்றம்" என்று எழுதியிருப்பார்கள். நோய்க்குக் காரணமா இல்லையா என்று அன்றைக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அதே மாற்றம் வேறு நோயாளிகளிடமும் காணப்பட்டு, சில வருடத்தில் நோய்க்காரணம் என்று மாற்றி எழுதப்படலாம். ஒன்றுமில்லை என்று தள்ளப்படவும் செய்யலாம். சோதனைக்கூடம் தானாக வீட்டுக்குக் கடிதம் போடும் என்று காத்திருக்கக் கூடாது. பழைய தாளை எடுத்துக்கொண்டு போய், இன்றைய நிலவரம் என்ன என்று கேட்க வேண்டும். இந்த விவரத்தை உங்கள் கட்டுரையில் இரண்டு வரி சேர்த்திருக்கலாம்.

சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று எங்கள் தெருவில் பேசாதவர்கள் இல்லை. என் தங்கையை அத்தை மகனுக்குத்தான் கொடுத்தோம், மறைக்கவில்லை. இந்த நோய் வர இருவரிடமும் அதே மரபணுவில் கோளாறு இருக்க வேண்டும், ஒரே தாத்தா ஆச்சி வழியில் வந்தவர்களிடம் அதற்கு வாய்ப்பு அதிகம். அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ஆனால் பேசுகிறவர்கள் வீட்டிலும் மாமன் மகளும் அத்தை மகனுமாகத்தான் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் திருமணம் பேசும் முன்பு சோதித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால் மட்டும் காதில் ஏறுவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்கு எந்த மரபணு என்று உறுதியாகிவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் சோதித்தால் போதும். அதற்கும் அறிக்கையில் மரபணுவின் பெயர் இருக்க வேண்டும், 2பி என்று மட்டும் இருந்தால் போகிற டாக்டர் எல்லாம் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

அரிய நோய்க் கொள்கை வந்தபோது அறிவித்த எட்டு சிறப்பு மையங்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. பிறகு மையங்கள் கூடின. அவற்றில் நம் பக்கத்துக்குத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை எட்டும் தூரம், செங்கோட்டை வழியாகவோ நாகர்கோவில் வழியாகவோ போகலாம். அங்கே போகிறவர்கள் பழைய அறிக்கைகள் அத்தனையையும் கையோடு கொண்டு போங்கள், பெயர் வேறு வேறாக இருக்கிறதே என்று எதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மருமகளின் விண்ணப்பம் இப்போது மறுபடியும் போயிருக்கிறது. இந்த முறை எல்லாத் தாள்களுக்கும் மேலே, மூன்று பெயரும் ஒரே நோய் என்று டாக்டர் ஒருவரிடம் எழுதி வாங்கிய ஒரு பக்கக் கடிதத்தை வைத்திருக்கிறோம். நான் கேட்கிற பட்டியலைத்தான் ஒரே ஒரு வீட்டுக்காக அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்து மாதிரி எடுத்துக்கொள்ள யாராவது விரும்பினால், பெயர்களை மறைத்து உங்கள் அலுவலகத்துக்கு நகல் அனுப்புகிறேன்.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அவற்றை அச்சில் போட வேண்டாம். எங்கள் சொந்தத்தில் இன்னும் பெண் பார்க்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நில அளவைத் துறை ஓய்வூதியர்,
அம்பாசமுத்திரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.